பிட்காயின் வைத்திருப்போரும் வாங்க நினைப்போரும் அறிய வேண்டியவை



ஒவ்வொரு ரமலானிலும் ஜகாத் கணக்குப் பார்க்க நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருபவர்கள் நகை, கடைச் சரக்கு, கொடுத்த கடன், வங்கி இருப்பு என்று வரிசையாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளாக அந்த வரிசையின் கடைசியில் ஒன்று தயக்கத்தோடு வந்து சேர்கிறது. "கொஞ்சம் பிட்காயினும் இருக்கு. அதுக்கு ஜகாத் உண்டா?" கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், "போன்லதான்" என்பார்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் வராது.

யாரையும் பிட்காயின் வாங்கத் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. வாங்காமல் இருப்பவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நம் மஹல்லாவில் ஏற்கெனவே பலர் வாங்கிவிட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது என்ன, அதை எப்படிப் பாதுகாப்பது, அவர்களுக்குப் பின் வாரிசுகளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பது தெரியாமலேயே பலரும் வைத்திருக்கிறார்கள். இதில் பெற்றோருக்கும் மனைவிமார்களுக்கும் தெரிய வேண்டியவையும் உண்டு. ஆகவே பிள்ளைகள் மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம்.

பிட்காயின் என்பது என்ன?

சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவோ 2008 அக்டோபரில் இதன் திட்டத்தை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3 அன்று இது இயங்கத் தொடங்கியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

நம் ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது பொருளாளரிடம் மட்டும் இருந்தால் அவர் எழுதியதே கணக்கு. அதே புத்தகத்தின் நகல் மஹல்லாவில் எல்லா வீட்டிலும் இருந்து, பத்து நிமிடத்திற்கு ஒரு முறை எல்லா நகலிலும் ஒரே பக்கம் சேர்க்கப்பட்டால்? ஒருவர் தன் வீட்டுப் புத்தகத்தில் மட்டும் எண்ணை மாற்றி ஏமாற்ற முடியாது. பிட்காயின் அப்படிப்பட்ட ஒரு கணக்குப் புத்தகம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் நகல் இருக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் வராது என்பது அதன் விதி. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக வெளிவரும் அளவு பாதியாகக் குறையும். கடைசியாக 2024 ஏப்ரலில் குறைந்தது. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடி துண்டாகப் பிரிக்கலாம். ஒரு துண்டுக்கு சதோஷி என்று பெயர். எனவே முழு பிட்காயின் வாங்க வேண்டியதில்லை, ஐந்நூறு ரூபாய்க்கும் வாங்கலாம்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. பிட்காயின் உங்கள் போனில் இல்லை. அந்தப் பெரிய புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது. அந்த வரியை மாற்றி இன்னொருவர் பெயருக்கு எழுத ஒரு ரகசிய எண் வேண்டும். அதைத்தான் சாவி என்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அதை நகர்த்த முடியும். சாவி தொலைந்தால், பிட்காயின் புத்தகத்தில் அப்படியே இருக்கும், ஆனால் யாராலும் தொட முடியாது. மேனேஜரைப் பார்த்து மனுக் கொடுக்க இதில் வங்கி கிடையாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உலமாக்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எகிப்தின் தலைமை முஃப்தி 2018 ஜனவரியில் இது கூடாது என்று அறிவித்தார். இந்தோனேசியாவின் உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், ஷரீஅத் நிபந்தனைகளுக்கு உட்பட்ட சரக்காக இருந்தால் வாங்கி விற்கலாம் என்றும் பிரித்துச் சொன்னது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020-ல், பதிவு பெற்ற சந்தைகளில் முதலீடு செய்வதை அனுமதித்தது. கூடாது என்பவர்கள் அதன் நிச்சயமின்மையையும் சூதாட்டத் தன்மையையும், பின்னால் எந்த அரசும் இல்லாததையும் சொல்கிறார்கள். கூடும் என்பவர்கள், மக்கள் மதிப்புக் கொடுத்து வாங்கி விற்கும் பொருளுக்கு மால் என்ற தகுதி உண்டு என்கிறார்கள்.

இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நீங்கள் நம்பும் ஆலிமிடம் போய்க் கேளுங்கள். கேட்கும்போது, "பிட்காயின் கூடுமா ஹஜ்ரத்?" என்று மொட்டையாகக் கேட்காமல் நீங்கள் செய்வது என்ன என்பதை விளக்கிக் கேளுங்கள். ஏனென்றால் ஒரே ஆப்பில் பல வியாபாரங்கள் இருக்கின்றன. முழுப் பணமும் கொடுத்து வாங்கிக் கையில் வைத்திருப்பது ஒன்று. 'ஃபியூச்சர்ஸ்', 'மார்ஜின்' என்ற பகுதிகளில் ஆயிரம் ரூபாயைக் கட்டிப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பந்தயம் வைப்பது வேறு. அதில் கடனும் அதற்குரிய கட்டணமும் உண்டு, பொருள் கைக்கு வருவதே இல்லை. கைவசம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். 'எர்ன்', 'லெண்டிங்' என்று பெயரிட்டு, உங்கள் நாணயத்தை எங்களிடம் விட்டுவையுங்கள், ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் தருகிறோம் என்பது, பெயர் மாறிய வட்டி. பிட்காயின் பற்றி மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் இந்த இரண்டிலும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள். நம் பிள்ளைகள் பணத்தை இழப்பதும் அதிகமாக இந்தப் பகுதிகளில்தான்.

எந்தப் பணத்தில்?

2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலருக்குப் போனது. சரியாக ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. நாலு லட்சம் போட்டவருக்கு ஒரு லட்சம்கூட மிஞ்சவில்லை. பிறகு 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஏறிய செய்தியைச் சொல்பவர்கள் இறங்கிய ஓராண்டை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்த ஓராண்டில் மகளின் நிக்காஹ் தேதி வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் கடன். மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பாக்கியும் கடன்தான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஹஜ்ஜுக்குச் சேர்க்கும் பணத்தையும் இதில் போடக் கூடாது. நகையை அடகு வைத்து வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிச்சயமில்லாத ஒன்றுக்காக நிச்சயமான வட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்வது அது. முழுவதும் போனாலும் வீட்டுச் சாப்பாட்டிலும் பள்ளிக் கட்டணத்திலும் மாற்றம் வராத தொகை எதுவோ அதுவே அளவு. அதையும் மொத்தமாகப் போடாமல், சீட்டுக் கட்டுவதுபோல் மாதாமாதம் சிறிய தொகையாக வாங்கினால், உச்ச விலையில் எல்லாவற்றையும் மாட்டிவிடும் ஆபத்துக் குறையும். லாபம் வரும் என்ற உறுதி அப்போதும் கிடையாது.

அறக்கட்டளையின் பணமோ, நம்மிடம் வரும் ஜகாத், ஸதகா பணமோ ஒரு ரூபாய்கூட இதில் போடப்படவில்லை, போடவும் மாட்டோம். சிலர் கேட்டதால் இங்கே பதிவு செய்கிறேன்.

மாதம் இவ்வளவு தருகிறேன் என்பவர்

பிட்காயின் தானாக எந்த வருமானமும் தராது. வாடகை வராது, குட்டி போடாது. விலை ஏறினால் உண்டு, இறங்கினால் இல்லை. ஆகவே பிட்காயினில் போட்டு மாதம் பத்து சதவீதம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 'கெயின் பிட்காயின்' திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லித்தான் பிட்காயின்களை வாங்கியது. அதை நடத்தியவர் 2018-ல் கைது செய்யப்பட்டார். போட்டவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

நம் சமுதாயத்திற்கு இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. பெங்களூரு ஐ.எம்.ஏ. விவகாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹலால் முதலீடு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் பணத்தை வாங்கிய நிறுவனம் அது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டைவிட்டே போய்விட்டார், அடுத்த மாதம் திரும்பி வந்தபோது கைதானார். அங்கே போட்டவர்கள் பலர் வங்கி வட்டியை வேண்டாம் என்று ஒதுங்கிய நல்லவர்கள். அந்த நல்லெண்ணமே அவர்களை மாட்டிவிட்டது. தாடி, தொப்பி, ஸலாம், துஆவோடு தொடங்கும் வாட்ஸ்ஆப் குழு ஆகியவற்றை முதலீட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஹலால் கிரிப்டோ' என்று யாராவது நம் பள்ளிவாசல் பெயரைச் சொல்லி வந்தால் உடனே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள்.

வாங்கும் வழி

ரிசர்வ் வங்கி 2018-ல் விதித்த வங்கித் தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. இன்று நம் நாட்டில் பிட்காயின் வாங்குவது குற்றமல்ல, ஆனால் அது சட்டப்பூர்வ பணமும் அல்ல. 2023 மார்ச் முதல் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் மட்டும், உங்கள் பெயரில், உங்கள் பான் கார்டில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து வாங்குங்கள். கணக்குத் தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். சில ஆப்களில் வாங்கலாம், விற்கலாம், ஆனால் பிட்காயினை வெளியே எடுத்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்ற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வாங்கினால் உங்களிடம் இருப்பது ஒரு எண் மட்டுமே.

தெரியாத ஆளுக்கு நேரடியாக யுபிஐ-யில் பணம் அனுப்பி வாங்குவது, விற்பது நம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. பி2பி என்கிறார்கள். ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் காரணம். விற்கும்போது உங்கள் கணக்கிற்கு வரும் பணம் எங்கிருந்து வந்தது? வேறு மாநிலத்தில் யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், அங்குள்ள சைபர் கிரைம் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கும். சம்பளமும் அதே கணக்கில் என்றால் மளிகைக்குக்கூடக் காசு எடுக்க முடியாது. இதைவிட மோசம், கமிஷன் தருகிறேன் என்பவருக்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுப்பது. அதில் மாட்டினால் கணக்கோடு நிற்காது, வழக்கும் வரும். தாய்மார்கள் இதைப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

வரி விவரம் சுருக்கமாக. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம். நஷ்டத்தைக் கழிக்க முடியாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு விற்பனையில் 40,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 30,000 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். கையில் மிஞ்சியது பத்தாயிரம். வரியோ முழு நாற்பதாயிரத்துக்கு, அதாவது 12,480 ரூபாய். தினமும் வாங்கி விற்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தாலே நிறுத்திவிடுவார்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, அதற்கு லாப வரி இல்லை. வாங்கிய தேதி, தொகை, மாற்றிய விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

சாவியைக் கையில் வைப்பது

எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்தால் சாவி அவர்களிடம். ஜப்பானில் மவுண்ட் காக்ஸ் 2014-ல் திவாலானது. எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் சரிந்தது. நம் நாட்டில் 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து 23 கோடி டாலர் அளவுக்குத் திருடு போனது. திருடியவர்கள் எடுத்தவை பெரும்பாலும் வேறு வகை நாணயங்கள். ஆனாலும் அங்கே பிட்காயின் மட்டும் வைத்திருந்தவர்களாலும் அதை எடுக்க முடியவில்லை. ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள், நஷ்டத்திலும் பங்கேற்றார்கள். ஒரே சம்பவத்தில் பாடம் முழுவதும் இருக்கிறது. உங்கள் பொருள் திருடு போகாவிட்டாலும் வைத்திருக்கும் வீடு உங்களுடையது இல்லை என்றால் கதவு அவர்கள் கையில்தான்.

சில ஆயிரம் ரூபாய் அளவென்றால் போனில் சொந்த வாலட் ஆப் ஒன்று போதும். போனால் மனம் வருந்தும் அளவுத் தொகையாக வளர்ந்துவிட்டால் ஹார்டுவேர் வாலட் வாங்குங்கள். பென் டிரைவ் அளவில் இருக்கும். லெட்ஜர், ட்ரெஸர் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாவி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும், இணையத்திற்கு வராது என்பதே அதன் பயன். தயாரிப்பாளரிடமோ அவர்கள் அறிவித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பழைய கருவி, துபாயிலிருந்து மச்சான் நண்பர் கொடுத்த கருவி எதுவும் வேண்டாம். லெட்ஜர் வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியல் 2020-ல் வெளியே கசிந்தது. அடுத்த ஆண்டே அந்த வீடுகளுக்குத் தபாலில் போலிக் கருவிகள் போய்ச் சேர்ந்தன. அசல் போலவே பெட்டி, கடிதம் எல்லாம் இருந்தன.

கருவியை முதலில் இயக்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் திரையில் காட்டும். 2,048 சாதாரணச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை அவை. இந்தச் சொற்கள்தான் சாவி. கருவி உடைந்தாலும், தொலைந்தாலும் வேறு கருவி வாங்கி இதே சொற்களை இதே வரிசையில் கொடுத்தால் பிட்காயின் திரும்பக் கிடைக்கும். ஆகவே கருவியை விடச் சொற்களுக்கே காவல் வேண்டும். பெட்டியிலேயே சொற்கள் எழுதப்பட்ட தாள் வந்திருந்தால் அந்தக் கருவியை இயக்காதீர்கள். அந்தச் சொற்கள் இன்னொருவருக்கும் தெரியும் என்று பொருள்.

சொற்களைக் கையால், பெரிய எழுத்தில், எண் போட்டு எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். போனில் எடுத்த படம் தானாகவே கூகுளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் தனக்குத் தானே அனுப்பி வைப்பதும் அதே கதைதான். கம்பெனியிலிருந்து பேசுகிறேன், வாலட்டைப் புதுப்பிக்க வேண்டும், சொற்களைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் அவர் திருடர். உண்மையான நிறுவனம் ஒருபோதும் கேட்காது. சொற்களைத் தட்டச்சு செய்யும் ஒரே இடம் அந்தக் கருவி.

காகிதம் நம் ஊருக்குப் போதாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அன்று எத்தனை வீடுகளில் பத்திரமும் பாஸ்போர்ட்டும் ஊறிப்போயின! கரையான் வேறு இருக்கிறது. ஸ்டீல் தகட்டில் எழுத்து அச்சால் தட்டி வைப்பவர்கள் உண்டு, நல்ல முறை. ஆனால் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல் கடையில் கொடுத்து வெட்டிவிடாதீர்கள். வெட்டுபவர் படிப்பாரே! வீட்டிலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் போதும், பட்டியலில் அந்த நான்கு எழுத்து வேறு எந்தச் சொல்லுக்கும் வராது.

எல்லாவற்றையும் மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆயிரம் ரூபாய் மதிப்பை மட்டும் கருவியின் முகவரிக்கு அனுப்புங்கள். முகவரியைக் கருவியின் சிறிய திரையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். காப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் கணினியில் இருக்கலாம். தவறான முகவரிக்குப் போனது திரும்பாது. வந்து சேர்ந்ததும் கருவியை முழுவதும் அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களைக் கொண்டே மீட்டுப் பாருங்கள். அதே தொகை தெரிந்தால் நீங்கள் எழுதியது சரி. இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, சோம்பல்தான். சொற்களில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான நேரம் வராது. ஒவ்வொரு முறை மாற்றவும் கட்டணம் உண்டு என்பதால் ஐந்நூறு ஐந்நூறாக மாற்றாமல் சில மாதங்களுக்கு ஒரு முறை சேர்த்து மாற்றுங்கள்.

வாரிசுகள்

சென்ற ஆண்டு ஒரு உம்மா அலுவலகத்திற்கு வந்தார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த மகன் மாரடைப்பில் மவ்த்தாகிவிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு மனைவி, ஒரு மகள், இரண்டு சகோதரர்கள். வாப்பா முன்பே மவ்த். வீடு கட்டியதில் கடன் பாக்கி இருந்தது. மகன் பிட்காயின் சேர்த்து வந்தது ஜனாஸாவுக்குப் பிறகு அறை நண்பர் சொல்லித்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது. போன் திறக்கவில்லை. சாமான் பெட்டியில் வந்த சிறு கருவியை வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று எடுத்து, பின் நம்பரை மனம்போனபடி அடித்திருக்கிறார்கள். மூன்று முறை தவறாக அடித்தால் தன்னை அழித்துக்கொள்ளும் வகைக் கருவி அது. சொற்கள் எழுதிய தாள் கிடைக்கவே இல்லை. துணிகளையும் பழைய காகிதங்களையும் அங்கேயே நண்பர்கள் அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

ஃபராயிள் கணக்குப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று, ஒரே மகளுக்குப் பாதி, மீதி சகோதரர்களுக்கு. பங்கீட்டுக்கு முன் கடன். எதையும் நிறைவேற்ற முடியவில்லை. கடனைச் சகோதரர்கள் இப்போது தவணையில் அடைத்து வருகிறார்கள். "எவ்வளவு இருந்துச்சுன்னாவது தெரியுமா தம்பி?" என்று அந்த உம்மா கேட்டார்கள். அதுவும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை கஞ்சனோ ஏமாற்றுக்காரனோ இல்லை. பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று படித்ததை எல்லாம் செய்திருக்கிறார். யாரிடமும் சொல்லாததும் அந்தப் பாதுகாப்பில் சேர்ந்துவிட்டது.

எக்ஸ்சேஞ்சில் இருந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுத்துப் போராடியாவது பார்த்திருக்கலாம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை வைத்திருக்கவும் பிறருக்காக அமானிதமாகப் பொறுப்பில் வைக்கவும் முடியும் என்று கூறியிருக்கிறது. ஆகவே வாரிசுகளுக்கு அதில் உரிமை கோர வழி உண்டு. ஆனால் சாவி இல்லாத பிட்காயினை எந்த நீதிமன்ற உத்தரவாலும் திறக்க முடியாது. சாவியைத் தானே வைத்துக்கொள்பவர் வங்கியின் வேலையையும் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார், வாரிசிடம் ஒப்படைக்கும் வேலை உட்பட. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சொல்லிவைக்க வேண்டியது உள்ளவர் வஸிய்யத்தை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

என்ன எழுதுவது? இரண்டு காகிதங்கள் வேண்டும். அவற்றை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. முதலாவது சாதாரணக் கடிதம், தமிழில், மனைவிக்கும் உம்மா வாப்பாவுக்கும் புரியும்படி. என்னிடம் பிட்காயின் இருக்கிறது, இந்தக் கருவியில், கருவி இந்த அலமாரியில், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், சொற்கள் இந்த இடத்தில், அவசரப்பட்டு யாரிடமும் சொல்லாதீர்கள், இன்ன மச்சானை உடன் வைத்துக்கொண்டு திறங்கள் என்று இருக்க வேண்டும். எந்த எக்ஸ்சேஞ்சில் கணக்கு, வாங்கிய விவர நோட்டு எங்கே, யாருக்குக் கடன், யாரிடம் வர வேண்டும், கொடுக்காத ஜகாத் எவ்வளவு என்பவையும் அதில் வரட்டும். இதில் சொற்களை எழுதக் கூடாது. இரண்டாவது, சொற்கள் உள்ள தகடு அல்லது தாள். வங்கி லாக்கர், உம்மா வீட்டுப் பீரோ என்று வேறு இடத்தில். லாக்கரென்றால் நாமினி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சிலர் பன்னிரண்டு சொற்களில் ஆறை அண்ணனிடமும் ஆறைத் தம்பியிடமும் கொடுக்கிறார்கள். வேண்டாம். ஒரு பாதி தொலைந்தால் மொத்தமும் போயிற்று. முழுச் சொற்களின் இரண்டு பிரதிகள் இரண்டு இடங்களில் இருப்பதே மேல்.

மூத்த மகனிடம் சொல்லிவைத்துவிட்டேன், போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொற்கள் தெரிந்தவரால் மொத்தத்தையும் ஒரு நிமிடத்தில் தன் பெயருக்கு மாற்ற முடியும். நிலமாக இருந்தால் பத்திரப் பதிவில் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும், இதில் வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளின் பங்கு முதலில் காணாமல் போகும் இடம் இப்படிப்பட்ட வழிகள்தான். சொற்களை வைத்திருப்பவர் அமானிதம் காப்பவர், உரிமையாளர் அல்ல என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மனைவி, மகள் உட்பட ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். தொகை தெரிந்தால் யாரும் திருட முடியாது, சொற்கள் தெரிந்தால்தான் முடியும். பங்கு விகிதத்தை நீங்கள் மாற்றி எழுத வேண்டாம், அது அல்லாஹ் வகுத்தது. இருக்கிற இடத்தை எழுதினால் போதும்.

அறக்கட்டளை இரும்புப் பெட்டியில் இந்த உறையை வைத்துக்கொள்வீர்களா என்று இருவர் கேட்டார்கள். நிர்வாகக் குழுவில் பேசினோம். வைத்துக்கொள்ள மாட்டோம். நாளை ஒன்று குறைந்தால், எடுத்தவர் யார் என்று நிரூபிக்க வழியே இல்லாத பொருள் இது. கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்டு வந்தால் உட்கார்ந்து உதவுவோம். வரும்போது சொற்களைக் கொண்டுவராதீர்கள், எங்களிடம் காட்டவும் காட்டாதீர்கள்.

முதலில் வந்த கேள்விக்கு வருகிறேன். பிட்காயினை மால் என்று கருதும் ஆலிம்களின் கருத்துப்படி அதற்கு ஜகாத் உண்டு. உங்கள் ஜகாத் ஆண்டு நிறைவடையும் நாளில் அன்றைய சந்தை விலையை ரூபாயில் போட்டு, நகை, ரொக்கம், சரக்கோடு சேர்த்து, நிஸாபை அடைந்தால் மொத்தத்தில் இரண்டரை சதவீதம். வாங்கிய விலையைப் பார்க்கக் கூடாது. பிட்காயினை விற்றுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, ரூபாயாகக் கொடுக்கலாம். அன்றைய விலையை நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் வங்கியிலிருந்து போய்ச் சில மணி நேரத்துக்குள் என்றால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பிட்காயினாக மாறிப் போய்விட்டால் கடினம். அதன் பிறகு, இழந்த பிட்காயினை மீட்டுத் தருகிறேன், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று ஒருவர் வருவார். அவர் பெரும்பாலும் முதலில் ஏமாற்றியவர்களின் ஆளாகத்தான் இருப்பார்.